மைனர் ஓடிய துணி

மூன்று பனியன் பின்னல் மெஷினில் தொடங்கி முப்பது மெஷின் ஓட்டியவன் நான். நல்லூரில் ஷெட், அதை ஒட்டி மாடி வீடு, மூன்று பெண்களுக்கும் ஊர் மெச்சக் கல்யாணம். ஐந்தாம் வகுப்பில் பாதியில் நின்றவன். கைதூக்கிவிட ஓர் ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாமே சொல்லாவிட்டால் நம் பெருமையை நாய்க்குக் கொடுத்துவிடுகிறார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நாய்க்கு.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி டிவியில் ஒரு வெள்ளைக்காரப் படம் போட்டாள். அடங்காத ஒரு நாய், அதை வளர்க்கும் குடும்பம், அவ்வளவுதான் கதை. நாய் மெத்தையைக் கிழித்துப் பஞ்சைப் பறக்கவிடுகிறது, வீட்டுக்காரன் சிரிக்கிறான். பஞ்சு விலை தெரியாத ஜனங்கள். விருந்தாளி தட்டில் வாய் வைக்கிறது. வீட்டுக்காரி அதைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிறாள். முடிவில் அந்த நாயால்தான் குடும்பமே ஒன்று சேர்ந்ததாம். என் மகள் மூக்கைச் சிந்துகிறாள். எனக்குக் கொட்டாவி வந்தது.

பேத்தி திரும்பி, "அப்புச்சி, உங்க மைனருதான் கலர் பனியனக் கண்டுபுடிச்சுதாமா? மங்கலத்து அப்புச்சி சொன்னாங்க" என்றாள்.

மங்கலத்து அப்புச்சி என்பவர் என் மச்சான்; மனைவியின் அண்ணன், தொழிலில் சரிபாதிக் கூட்டாளி. மைனர், நாங்கள் வளர்த்த நாய். படத்து நாய் குளித்துவிட்டு வந்து கம்பளத்தின் மேல் உடம்பை உதறியபோதே எனக்கு ஈர நாய் வாடையும் பிளீச்சிங் பவுடர் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறிவிட்டது.

அறுபதுகளில் எங்களுக்குப் பனியன் என்றால் வெள்ளைதான். துணியை ஆற்றங்கரையில் வெளுத்து, நீலம் போட்டு, களத்தில் விரித்துக் காயவைப்போம். களத்துக்குள் யார் வந்தாலும் தொட்டியில் கால் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும். ஒருமுறை ஓர் ஆபீசர் பூட்ஸோடு வந்தார். துணி வெளுக்கும் மாராயி, "கழட்டுங்க சாமி" என்று தடியோடு முன்னால் நின்றாள். கழற்றினார். சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

அந்தக் களத்தில் ஆடுகள் புகுந்து துணியை மிதித்தன. காவலுக்கு ஒரு முரட்டு நாய் வேண்டுமென்று தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவன் நான்தான். ஆட்டுக்குக் கால் இருப்பதை யோசித்தவன், நாய்க்கும் நாலு கால் இருப்பதை யோசிக்கவில்லை. படித்தவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்; ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் வெயில் ஏறும் நேரத்தில் மைனர் ஆற்றில் இறங்கிற்று, செம்மண்ணில் புரண்டது, ஓர் ஆட்டைக் கண்டதும் விரித்த துணி முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் ஓடியது. ஆடு வரப்பிலேயே நின்று வேடிக்கை பார்த்தது.

மச்சான் வந்து பார்த்தார். "ஏனுங்க மாப்ளே, வேலைக்குச் சேத்தறப்பவே இவருக்குக் கால் கழுவச் சொல்லித் தர்லீங்களா?"

சிரித்தாரே தவிர, முகம் வெளுத்துவிட்டது. அது கூலி வேலையை விட்டு வந்து நாங்கள் பிடித்த முதல் சொந்த ஆர்டர். திரும்ப வெளுத்தோம். செம்மண் மங்கிற்று, போகவில்லை. இன்னொரு தரம் வெளுத்தால் துணி இற்றுப்போகும் என்று மாராயி கையை விரித்துவிட்டாள். "நாளைக்குப் பழைய மொதலாளிகிட்டயே போயி நிக்கோணும் மாப்ளே" என்று மச்சான் உட்கார்ந்துவிட்டார்.

கருநீலச் சாயத்தில் முக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

"கருநீல பனியன எவனுங்க போடுவான்? இருட்டுல கோழி புடிக்கப் போறவனா?"

"லாரிப் பட்டறைக்காரன் போடுவானுங்க மச்சான். வெள்ள பனியன் அவனுக்கு ஒரு நாளுத் தாங்குமா?"

துணியைச் சைக்கிளில் கட்டிச் சேலைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோய், கொப்பரையில் நானே கோல் போட்டுக் கிண்டினேன். ஒரு மாதம் கையில் நீலம் போகவில்லை. சோறுகூட நீலமாகத் தெரிந்தது. தைத்த பனியனைப் பட்டறை பட்டறையாக நானே சுமந்துபோய் விற்றேன். கிரீஸ் கையோடு வாங்கினார்கள். அடுத்த வாரமே இன்னும் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அந்தத் தெம்பில் புதிதாக வெள்ளைத் துணி பின்னி, ஆர்டரையும் முடித்துக் கொடுத்தோம். அப்போது மைனர் என்ன செய்துகொண்டிருந்தது? மச்சானின் செருப்பைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த மச்சான்தான் கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு, "எல்லாம் எங்க மைனரு காட்டுன வழிங்க" என்பார். பந்தியே சிரிக்கும். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது களம் இல்லை. அங்கே மூன்று மாடி நிற்கிறது. துணி மெஷினுக்குள்ளேயே காய்கிறது. எவனும் எதற்கும் கால் கழுவுவதில்லை. ஆற்றில் இறங்கினால் வெளியே வந்துதான் கழுவ வேண்டும், அத்தனை சாயக்கழிவு. அந்தப் பேச்சு வரும்போது மட்டும் மச்சானுக்கு என் ஞாபகம் வந்துவிடுகிறது. "சாயத்துல மொதல்ல முக்குனது எங்க மாப்ளைதானுங்களே!"

பனியன் விற்றதற்கு நாய், ஆறு கெட்டதற்கு நானா?

வருகிற தையில் கம்பெனி வாசலில் பழைய ஆட்களின் படங்களை மாட்டப்போகிறார்கள். மச்சானின் பேரன் மைனருக்கும் ஒன்று வரையச் சொல்லியிருக்கிறானாம். மாட்டட்டும். அதன் கீழே, துணியைக் கெடுத்தது என்று எழுதட்டும். பக்கத்தில் என் படம் வேண்டும். எங்கள் முதல் கலர் பனியனுக்குச் சாயம் போட்டவர் இவர் என்று இனிஷியலோடு முழுப்பெயர் வேண்டும். ஆற்றையும் என் தலையில் எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே பலகையில் எழுதுங்கள்.