சட்டியை ஆட்டிய ஆண்கள்

எங்கள் மீனவ ஊரான ஓலைத்தொடுவாயை விட்டு வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் வருடம், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், வகுப்புத் தோழி ஒருத்தி தன் அப்பாவின் சமையல் கழகத்துக்கு என்னை விருந்துக்குக் கூட்டிப்போனாள். ஆண்கள் கூடிச் சமைக்கும் இடம் அது. எங்களைப் போன்ற பெண்கள் வரலாம், சாப்பிடலாம். அடுப்படிக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாதாம்.

பசியோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவளுடைய அப்பாவும் கூட்டாளிகளும் கருவாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். உப்புப் போட்டுக் காயவைத்த மீனாம். அந்த உப்பை எடுக்க நாட்கணக்கில் ஊறவைத்தார்களாம். பிறகு ஏன் ஐயா உப்பைப் போட்டீர்கள்? அதை எண்ணெயில் இட்டுச் சட்டியை ஆட்டினார்கள், ஆட்டினார்கள், ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். எண்ணெய் தடித்துக் குழம்பாக வேண்டுமாம். ஒருவர் ஆட்டுவது பிழையென்று இன்னொருவர் பிடுங்கி ஆட்டினார். உதவிக்கு எழுந்த என்னைத் திரும்பவும் உட்காரவைத்தார்கள். இதில் பெரிய எரிச்சல், மீன் அவ்வளவு ருசியாக இருந்ததுதான்.

"உன் அம்மா கொடுத்துவைத்தவர்," என்றேன் தோழியிடம்.

"வீட்டில் அப்பா ஒரு முட்டைகூடப் பொரித்ததில்லை," என்றாள்.

கொதிப்போடு அம்மாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன். கடலுக்குப் போகும் எங்கள் அப்பா வீட்டில் தண்ணீர்கூடத் தானாக வார்த்துக் குடிக்காதவர். அதனால் அம்மா வாயைப் பிளப்பார் என்று நினைத்தேன்.

"இதென்ன பெரிய புதினமே?" என்றார் அம்மா. "உன்ரை அப்பாவும் வள்ளத்திலை நல்லாச் சமைப்பாராம், கூடப் போறவை சொல்லுறவை. கரைக்கு வந்தாத்தான் மனுசனுக்குக் கை விளங்காது."