தர்ஷினிக்குக் கிடைக்கக் கூடாது என்று வேண்டினேன்

அம்மன் அடியார்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை.

நான் சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. விலங்கியல் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில், அடுத்ததாகக் கால்நடை மருத்துவம் படிக்க விண்ணப்பித்தேன். விடுதியில் என் அறைத் தோழி தர்ஷினியும் விண்ணப்பித்தாள். யாழ்ப்பாணக் குடும்பம். அப்பா டாக்டர். அவளுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

சிரித்துக்கொண்டே வாழ்த்தினேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சின்ன வயதிலிருந்து அப்பாவின் மாடுகளுக்குச் சாணி அள்ளியவள் நான். அவள் ஒரு மாட்டைத் தொட்டதுகூட இல்லை. அந்த வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தேன். இதே சந்நிதியில் விளக்கேற்றி, "தாயே, அவளுக்கும் கிடைக்கக் கூடாது" என்று வேண்டினேன்.

மறுநாள் காலை அவளே போன் செய்தாள். "கவி, இன்டர்வியூவுல மாட்டைப் பிடிச்சுக் காட்டச் சொல்வாங்களாம். பயமா இருக்கு லா. உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

வந்தாள். காலில் வெள்ளைச் சப்பாத்தோடு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தாள். எங்கள் சிவப்புப் பசு, பின்னால் யார் போனாலும் உதைக்கும். தர்ஷினி நேராக அதன் பின்பக்கம் நடந்தாள். நான் வாய் திறக்கவில்லை. ஒரு உதை போதும், இவளால் போக முடியாது என்று நினைத்தேன். நினைத்த அடுத்த நொடியே என்னைக் கண்டு எனக்கே பயம் வந்தது. 'தாயே, என்னை இப்படி விட்டுவிடாதே' என்று உள்ளுக்குள் கதறினேன்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவளைத் தள்ளிவிட்டேன். உதை என் தொடையில் விழுந்தது. இருவரும் சாணியில் கிடந்தோம்.

"ஐயோ, அடிபட்டுச்சா டி?" என்று அவள் அழுதாள்.

"தெரிஞ்சுதான் சும்மா நின்னேன் டி. உனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு கோயில்ல வேண்டிக்கிட்டேன்."

அவள் கையூன்றி எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள். "சரி. எந்தப் பக்கம் நிக்கணும்னு சொல்லு."

சாயங்காலம் வரை சொல்லிக்கொடுத்தேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

அவளுக்கு இடம் கிடைத்தது. அன்றும் பொறாமை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முன்போல் அது என்னை ஆட்டிவைக்கவில்லை. இந்த வருடம் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன். என் விண்ணப்பத்தை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தவள் தர்ஷினி.

நான் முதலில் கேட்டதைத் தாய் கொடுக்கவில்லை. கொட்டகையில் கேட்டதை உடனே கொடுத்தாள். யாரைப் பார்த்தாவது உங்களுக்கு வயிறு எரிந்தால், நல்லவர் போல நின்று கும்பிடாதீர்கள். எரிகிறது தாயே என்று உள்ளபடியே சொல்லுங்கள். அவள் கோபிக்க மாட்டாள்.