காணாமல் போன படித்துறை

எங்கள் கல்லூரிப் படகில் துடுப்புப் போடும் நான்கு பெண்களும் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். வழியைப் பார்ப்பவள் பின்முனையில் சுக்கான் பிடிக்கும் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என் சொல்லுக்கு நான்கு பேர் கட்டுப்படுவதில் எனக்குக் கர்வம் உண்டு.

அந்த மழைக்கால மாலையில், வழக்கமாகத் திரும்பும் படித்துறை கண்ணில் படவே இல்லை. ஆற்றின் மேலே கடக்வாஸ்லாவில் அணையைத் திறந்திருக்கிறார்கள், படிகள் மூழ்கிவிட்டன என்பது கீழே ஆறு பாய்ந்து விழும் தடுப்பணையின் இரைச்சல் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. இடத்தைத் தவறவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

“லோஹேகாவ் ஏர்போர்ட் வரைக்கும் போய் எங்களை ப்ளேன் ஏத்திவிடப் போறியா, மேடம்?” என்றாள் எனக்கு எதிரே இருந்த, என்னை எப்போதும் கேலியாக மேடம் என்றே கூப்பிடும் தமிழ்ப் பெண். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

வலப்பக்கத் துடுப்புகளை நிறுத்தி இடப்பக்கம் மட்டும் இழுக்கச் சொல்லிக் கத்தினேன். படகு மெதுவாகத் திரும்பியது. இப்போது தடுப்பணை என் முதுகுக்குப் பின்னால், அவர்கள் கண்ணெதிரே. நால்வரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். கரை மரங்கள் நகரவே இல்லை.

“அணையை விட்டுத் தள்ளிப் போறோமா?” என்று கேட்டேன்.

அவள் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டே இழுத்தாள். இன்னும் பத்து இழுப்பு இழுத்த பின், “கொஞ்சம்” என்றாள். மேடம் என்று சேர்க்கவில்லை.