ஹயக்ரீவர் முதுகில் ஒரு புண்

டில்லி லக்ஷ்மிபாய் நகரில் வைதேஹிக்குக் கோபக்காரி என்று பெயர். அதை யாரும் அவளுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரன், குழாய் ஒழுகுகிறது என்றால் ஹோலிக்கு மறுநாள் வருகிறேன் என்கிற பிளம்பர், பிரபந்த கோஷ்டியில் பாதிப் பாசுரத்தை முழுங்குகிற மாமாக்கள் என்று பேதம் பார்க்காமல் சண்டை போட்டுச் சம்பாதித்த பெயர். மத்திய சர்க்காரில் ஏதோ ஒரு மந்திராலயத்தில் யு.டி.சி. குமாஸ்தா வேலை. கணவர் சடகோபன் வேறொரு மந்திராலயத்தில் செக்ஷன் ஆபீசர். மனைவி குரல் உயர்ந்தால் கையிலுள்ள பேப்பரை அதே அளவுக்கு உயர்த்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். அந்தத் தாம்பத்தியத்தில் அவர் உலகச் செய்திகளை நிறையத் தெரிந்துகொண்டார்.

அவள் நல்லவளா என்று காலனியில் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கெட்டவளா என்று கேட்டாலும் யோசிப்பார்கள். குதிரை விஷயத்தைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஏஷியாட் விளையாட்டு வருவதற்கு முந்தின வருஷம், மழை பிடித்துக்கொண்ட ஜூலை மாதம். விடிகாலையில் பால் பூத்துக்கு முன்னால் க்யூ. க்யூவுக்குப் பக்கத்தில் குப்பைமேடு. குப்பைமேட்டில் ஒரு வெள்ளைப் பெண் குதிரை நின்று, நனைந்த செய்தித்தாளை மென்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஊர்வலக் குதிரை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. வாலில் பூசிய மருதாணி பாதி வெளுத்திருந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் பூமாலை. கண்ணுக்கு யாரோ எப்போதோ தீட்டிய மை மழையில் கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். இடது காது நுனி கிழிந்திருந்தது. முதுகில், சேணம் உட்காரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதில் ஈக்கள் குடும்பத்தோடு குடியேறியிருந்தன.

க்யூவில் எல்லோருக்கும் இரக்கம் இருந்தது. "த்சொ த்சொ, பாவம்" என்றார்கள். நேற்றும் சொன்னார்கள். முந்தாநாளும் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு வசதி உண்டு, சொல்லிவிட்டால் பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சத்சங்கத் தலைவரான அண்டர் செக்ரடரி கஸ்தூரிரங்கன் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "முனிசிபாலிட்டின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்று பொதுவாக வானத்தைக் கேட்டார்.

வைதேஹிக்கு வந்தது இரக்கம் இல்லை. ஆத்திரம்.

யாருடைய குதிரை என்று விசாரித்தாள். ரயில் பாதை ஓரத்தில் கொட்டகை போட்டு, கல்யாணங்களுக்குக் குதிரை விடுகிற ஹர்பூல் என்றார்கள். பால் பாட்டில்களோடு நேரே அங்கே போய் நின்றாள். அவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். ஒளிவுமறைவு இல்லாத மனிதன்.

"அரே பெஹன்ஜி, சீசன் கதம். தேவர்களெல்லாம் தூங்கப் போயாச்சு. கார்த்திக ஏகாதசிக்குத்தான் எழுந்திருப்பார்கள். அதுவரை டில்லியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாத குதிரைக்குத் தீனி எதற்கு?" என்று ஹிந்தியில் விளக்கினான்.

"அதுவரைக்கும் அது எதைத் தின்னும்?"

"பகவான் கொடுப்பார்."

"அவர்தான் தூங்கறார்ங்கறியே!"

ஹர்பூலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ்வளவு அக்கறைன்னா நீங்களே கொண்டு போய் வச்சுக்குங்க" என்றான். மதராஸிப் பெண்பிள்ளை என்ன செய்துவிடப் போகிறாள் என்ற தைரியம். அவள் திரும்பிப் போய்க் குதிரையின் கயிற்றைப் பிடித்தாள். ஆபீசுக்குப் போகிற கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கையில் பாலும் மறு கையில் குதிரையுமாக வீட்டுக்கு நடந்தாள்.

குவார்ட்டர்ஸ் பின்னால் அவர்கள் பங்குக்கு ஒரு ஸ்கூட்டர் ஷெட் உண்டு. அதிலிருந்து சடகோபனின் லாம்பிரெட்டா வெளியே போயிற்று, குதிரை உள்ளே வந்தது.

"ஏம்மா, வண்டி மழையில நனையறதே" என்றார் சடகோபன், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"அதுக்கு முதுகுல புண்ணு வந்திருக்கா? வந்தா சொல்லுங்கோ, உள்ள விடறேன்."

மோதி பாக்கிலிருந்து ஒரு சர்தார்ஜி கால்நடை டாக்டர் வந்தார். வெகுநேரம் பார்த்தார். "பட்டினி கிடந்த குதிரை பட்டினியால் சாவது குறைவு, பிறகு கிடைக்கிற விருந்தால் சாவதுதான் அதிகம்" என்றார். புல்லும், பூஸா என்கிற கோதுமை வைக்கோல் தூளும், கொஞ்சம் கொஞ்சமாக. கடலை, தானியம், வெல்லம் வாசனைகூடப் படக்கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். முதுகுப் புண்ணைத் தினம் கழுவி மருந்து போட வேண்டும். அது முழுக்க ஆறித் தோல் கெட்டிப்படும்வரை முதுகில் ஒரு துண்டுகூடப் போடக்கூடாது. மறுபடி சேணம் அழுத்தினால் புண் எலும்புக்கு இறங்கிவிடும், அப்புறம் தன்னைக் கூப்பிட வேண்டாம்.

வைதேஹிக்குக் குதிரையிடம் பிரியம் இருந்ததாகச் சொன்னால் பொய். அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. லத்தி நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, புண்ணைக் கழுவுகிற நேரமெல்லாம் திட்டிக்கொண்டே கழுவினாள். "உதைக்கறியா? உதை. உன்னை இப்படிப் பண்ணினவனை உதைக்கத் துப்பில்லை, மருந்து போடறவளை உதைக்க வந்துட்டே!" ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரி ஜன்னல் ஓரமாக இடம் மாற்றிக்கொண்டாள். சடகோபனோ, கழுத்தில் டையோடு, சாணக்யபுரிப் பக்கத்து நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் அறுத்த புல்லுக்கட்டை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஆபீசிலிருந்து திரும்புவார். தூதரக வாசல் காவலர்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள், பிறகு சல்யூட் அடித்தார்கள்.

காலனி கொதித்தது. கஸ்தூரிரங்கன் தூது வந்தார்.

"வைதேஹி, இது கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ். மனுஷாளுக்குக் கொடுத்தது."

"அப்ப நீங்க ஏன் மாமா இங்க இருக்கேள்?"

அவர் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து இரண்டாம் மாடிப் பெண் ஒருத்தி, கணக்கில் கோட்டை விட்டுக் கம்பார்ட்மென்ட் என்கிற மறுபரீட்சை எழுதப் போனவள், போகிற வழியில் குதிரையின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனாள். பாஸாகித் தொலைத்தாள். ஒருவாரம் முழுக்க டியூஷன் வாத்தியார் அவளை வறுத்தெடுத்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கஸ்தூரிரங்கனுக்குத்தான் முதலில் பளிச்சென்று பட்டது. ஹயக்ரீவர்! குதிரை முகத்துப் பெருமாள், ஞானத்துக்கும் படிப்புக்கும் அதிபதி, லக்ஷ்மிபாய் நகரில் ஸ்கூட்டர் ஷெட்டில் எழுந்தருளியிருக்கிறார்! "அது பெண் குதிரையாச்சே" என்று யாரோ இழுத்தார். "பெருமாளுக்கு ஆணேது பெண்ணேது?" என்று அவர் வாயை அடைத்தார். முந்தின வாரம் மூக்கில் இருந்த கைக்குட்டை இப்போது இடுப்புக்கு இறங்கிவிட்டது.

ஆவணி அவிட்டம் வந்தது. அன்றுதான் ஹயக்ரீவர் அவதரித்த நாளும். வைதேஹி பூஸா மூட்டை வாங்கிவரப் போயிருந்தாள். திரும்பி வந்தால் ஷெட் வாசலில் கோலம், மாவிலை. குதிரையின் கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம். புதுப் பூணூல் பளபளக்க மாமாக்கள். வீட்டுக்கு வீடு ஹயக்ரீவ பண்டி செய்து கொண்டுவந்திருந்தார்கள். கடலைப்பருப்பு, வெல்லம், தேங்காய், நெய். ஹயக்ரீவருக்கு உகந்த நைவேத்யம். ஒவ்வொரு பாத்திரமாகக் குதிரையின் வாயருகே நீட்டி, அது தின்னத் தின்ன, "என் பிள்ளை ஐ.ஐ.டி.", "என் பொண்ணு பி.எஸ்.சி." என்று காதில் ஓதினார்கள். குப்பைமேட்டில் அது காகிதம் தின்றபோது ஒரு கைப்பிடி புல் போடாத கைகள் அத்தனையும் அங்கே இருந்தன.

"பாருடி, வழிச்சுத் தின்னுட்டது! பெருமாள் ஏத்துண்டுட்டார்!"

வைதேஹி அந்தப் பாத்திரங்களை எட்டி உதைத்தாள் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். மகா அபசாரம். உண்மைதான், உதைத்தாள்.

மத்தியானத்துக்குள் குதிரைக்கு வேர்த்துக் கொட்டியது. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. காலால் வயிற்றை உதைத்துக்கொண்டது. தரையில் விழுந்து புரளப் பார்த்தது. டாக்டர் ஓடிவந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். படுக்க விடாதீர்கள், புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், நடத்திக்கொண்டே இருங்கள் என்றார். வைதேஹி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிளாக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அவள் நடக்க, பின்னால் ஏதோ சத்தம். திரும்பிப் பார்த்தாள். கஸ்தூரிரங்கன் தலைமையில் சத்சங்கம் கைத்தாளம் போட்டுக்கொண்டு பின்தொடர்ந்துகொண்டிருந்தது. குதிரை பிரதட்சிணம் வருகிறதாம்.

அவள் அன்று பேசியதை அச்சில் போட முடியாது. கடைசி வாக்கியம் மட்டும் பரவாயில்லை ரகம்: "வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்கோ! பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தான் அவன், ஊட்டிக் கொல்லப் பார்க்கறேள் நீங்க. அவனாவது சுலோகம் சொல்லலை!"

சாயங்காலம் அடைப்பு விட்டுக் குதிரை லத்தி போட்டது. வைதேஹி அந்த லத்தியைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். சடகோபன் பார்த்திருக்கிறார்.

புரட்டாசி, ஐப்பசி. விலா எலும்புகள் மறைந்தன. புண் ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல ஆறி வந்தது. நடுவில் மட்டும் இன்னும் மெல்லிய சிவப்புத் தோல். குளிர் வந்ததும் முதுகைத் தொடாதபடி கழுத்துக்கும் மார்புக்கும் மட்டும் ஒரு கம்பளி தைத்துப் போட்டாள். டாக்டர், "இன்னும் கொஞ்ச காலம், அதுவரை எதுவும் வேண்டாம்" என்றார்.

அப்போதுதான் தேவர்கள் எழுந்துகொண்டார்கள்.

ஒருநாள் ஆபீசிலிருந்து வந்தால் ஷெட் காலி. கம்பளி தரையில் கிடந்தது. கஸ்தூரிரங்கன் வீட்டு வாசலில் பந்தல்கால் ஆட்கள். அவருடைய மூத்த பெண் உடன் வேலை பார்க்கும் பஞ்சாபிப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். வீடே அழுது தீர்த்த பிறகு சமரசம் ஆகியிருந்தது. தாலி நம் வழக்கப்படி காலை முகூர்த்தத்தில், மாப்பிள்ளை வருவது அவர்கள் வழக்கப்படி குதிரைமேல்.

"மாமா, குதிரை எங்கே?"

"அவன் வந்தான், வைதேஹி. அவன் சொத்தை அவன் கேட்டான். நான் கவர்ன்மென்ட் செர்வன்ட், எப்படி மறிப்பேன்? தாழ்ப்பாளைத் திறந்து விட்டேன்."

"நீங்க திறந்தேளா?"

"கல்யாண வேலை தலைக்குமேல கிடக்கும்மா. அப்புறம் பேசலாம்."

ரயில் பாதைக் கொட்டகையில் ஹர்பூல் இல்லை. சீசன், எங்கெங்கோ கல்யாணம். பாண்டு வாத்தியச் சத்தம் கேட்ட இடத்துக்கெல்லாம் சடகோபன் லாம்பிரெட்டாவைத் திருப்பினார். பின்சீட்டில் வைதேஹி. எத்தனையோ மாப்பிள்ளைகளை நிறுத்திக் குதிரைக் காதைப் பார்த்தார்கள். கிழிந்த காது கிடைக்கவில்லை.

கல்யாண நாள். காலை ஏழு மணிக்குப் பராத் என்கிற மாப்பிள்ளை ஊர்வலம் வருவது டில்லி சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். பனிமூட்டத்தில் பாண்டுக்காரர்கள் கொட்டாவியும் டிரம்பெட்டுமாக வந்தார்கள். வாசலில் நாதஸ்வரம் அவர்களோடு மோதிக்கொண்டிருந்தது. சடகோபன் பன்னீர் தெளிக்க நின்றார். ஜரிகை வெல்வெட், சலங்கை, இறகுக் கொண்டை எல்லாமாக ஒரு வெள்ளைக் குதிரை பனியிலிருந்து வெளியே வந்தது. மேலே மாப்பிள்ளை. கடிவாளத்தில் ஹர்பூல். குதிரை தலையைத் தாழ்த்தி, பின்காலை ஒதுக்கி ஒதுக்கி வைத்தது.

இடது காது நுனி கிழிந்திருந்தது.

வைதேஹி பட்டுப்புடவையோடு நடுரோட்டில் போய் நின்றாள். பாண்டு நின்றது.

"இறங்குப்பா" என்றாள் மாப்பிள்ளையிடம், ஹிந்தியில்.

"இவங்க யாரு?" என்றார்கள் பஞ்சாபி மாமாக்கள். ஹர்பூல், "பெஹன்ஜி, சுபகாரியம்" என்று முன்னால் வந்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் பின்னால் போனான்.

கஸ்தூரிரங்கன் பஞ்சகச்சம் தடுக்க ஓடிவந்தார். "வைதேஹி, உன் காலைப் பிடிச்சுக்கறேன். முகூர்த்தம் போயிண்டிருக்கு. அஞ்சு நிமிஷம்!"

"ஆவணி மாசம் பெருமாள். கார்த்திகை மாசம் வாடகை வண்டியா மாமா?"

பையன் நல்லவன். பூச்சரத்தை விலக்கி, "என்ன ஆச்சு, ஆன்ட்டி?" என்று கேட்டு, அவள் பதில் சொல்வதற்குள் இறங்கிவிட்டான். வைதேஹி சேணத்தைத் தள்ளி வெல்வெட்டைத் தூக்கினாள். உள்ளே வைத்திருந்த துணி சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. மாசக்கணக்காகக் கழுவி ஆற்றிய இடம் மறுபடி வாயைத் திறந்திருந்தது.

மாப்பிள்ளை தன் ஷெர்வானியைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அப்புறம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"சேவியுங்கோ மாமா" என்றாள் வைதேஹி. குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "இங்கதான் ஹயக்ரீவர் இருக்கார். கண்ணை மூடிக்காதீங்கோ, திறந்துண்டு சேவியுங்கோ. பண்டி கொண்டுவந்தேளே, அத்தனை பேரும் வந்து சேவியுங்கோ!"

ஒருத்தரும் நகரவில்லை. நாதஸ்வரக்காரர் மட்டும், விஷயம் தெரியாமல், கெட்டிமேளம் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

மாப்பிள்ளை பந்தலுக்கு நடந்தே போனான். கல்யாணம் நடந்தது. சாப்பாடு பிரமாதம் என்று பிறகு கேள்வி. வைதேஹி சாப்பிடவில்லை. சலங்கை ஜல்ஜல்லென்று ஒலிக்கக் குதிரையை ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். சடகோபன் பன்னீர்ச் செம்பை யார் கையிலோ திணித்துவிட்டு, டாக்டரைக் கூட்டிவரப் போனார்.

ஹர்பூல் வெயில் ஏறினதும் வந்தான். போலீஸ் என்றான். "வா, சேர்ந்தே போவோம். நீ உன் வெல்வெட்டைக் கொண்டா, நான் அதன் முதுகைக் கொண்டுவரேன்" என்றாள். அவன் வெல்வெட்டை மடித்தான். சலங்கையை அவிழ்த்தான். இறகுக் கொண்டையை எடுத்துக்கொண்டான். குதிரையை விட்டுவிட்டுப் போனான். புண்ணோடு சீசனுக்கு ஆகாத குதிரை அவனுக்கு எதற்கு?

அடுத்த ஆவணி அவிட்டத்துக்கு ஷெட் பக்கம் யாரும் வரவில்லை. வாசலில் வைதேஹி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் துடைப்பம்.

அன்று டாக்டர் வந்து முதுகைத் தடவிப் பார்த்தார். தோல் கெட்டிப்பட்டிருந்தது. நடுவில் மட்டும் மயிர் முளைக்காத வட்டம்.

"சபாஷ். இனிமேல் இதன்மேல் சேணம் போடலாம்."

"எதுக்கு?" என்றாள் வைதேஹி.