கண்ணாடிக்குள் கொர்பினியான்

ஏரிக்கரை அருங்காட்சியகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கண்ணாடிப் பெட்டி ஒன்றில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி ஒரு வயதான பெண் நின்றிருந்தாள். அவள் மூச்சில் கண்ணாடி மங்கிப்போயிருந்தது.

"அம்மா, கண்ணாடிமேல சாயாதீங்க."

"என் புருஷன்கிட்டப் பேச உன்கிட்ட அனுமதி வாங்கணுமா? எந்த ஊருடா நீ?"

"மேல்பள்ளத்தாக்கு. மாட்டுக்கார ரூப்பெர்ட் மகன்."

"அப்ப சாணி வாசம் தெரிஞ்ச பயதான். கோட்டு போட்டதும் அதிகாரம் வந்துடுச்சாக்கும்."

சுருக்கென்றது. எங்கள் பள்ளத்தாக்கில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தச் சான்றிதழை அப்பா தொழுவத்துக்குப் போகும் வழியில், மாடுகளும் பார்க்கட்டும் என்பதுபோல் மாட்டி வைத்திருக்கிறார்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு மண்டையோடு. நெற்றியில் தீட்டிய ஐவிக்கொடி வளையம், அதற்குக் கீழே கறுப்பு எழுத்தில் கொர்பினியான் என்ற பெயர். மலைக்கும் ஏரிக்கும் நடுவே எங்களுக்குக் கிடைத்த கல்லறைத் தோட்டம் கையகலம். அடுத்தவருக்கு இடம்விட வேண்டும் என்பதால், சில வருடங்கள் கழித்துக் குழியைத் திறந்து, தலையைக் கழுவி, வெயிலில் வெளுக்கவைத்து, பெயரும் இலையும் தீட்டி எலும்பு வீட்டில் உறவுக்குப் பக்கத்தில் வைப்போம்.

அவள் பெயர் சென்சி. படகுத்துறை விடுதியில் வாழ்நாளெல்லாம் படுக்கைத் துணி துவைத்தவள். மரம் ஏற்றிய படகு கவிழ்ந்து கொர்பினியான் செத்தபோது அவள் இளம்பெண். பிள்ளை இல்லை. மறுமணமும் செய்துகொள்ளவில்லை.

எலும்பு வீட்டுக் கூரை ஒழுகிய வருடம் தலைகளையெல்லாம் அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்தினார்கள். கூரை சரியானதும், கல்லறைத் திருநாளன்று அவரவர் உறவினர் ஊசியிலைக் கொப்பு பரப்பிய கூடையில் சுமந்து போனார்கள். சொந்தக் கைதான் சுமக்க வேண்டும், அதுதான் வழக்கம். அன்று சென்சி நுரையீரல் நோயோடு நகரத்து மருத்துவமனையில் கிடந்தாள். கேட்பாரற்று நின்றது ஒரே ஒரு தலை.

"யாரும் எடுக்க வராததெல்லாம் நம்ம சேகரிப்புல சேர்ந்தாச்சு. குழு முடிவு பண்ணாம ஒரு ஆணிகூட வெளிய போகாது," என்றார் இயக்குநர் ஹெட்விக்.

சென்சிக்காக நானே மனு எழுதினேன். என் படிப்பு முதல்முறையாக ஒருவருக்கு உதவப்போகிறது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

ஒருநாள், தேவாலயத்தையும் எலும்பு வீட்டையும் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை லியோன்ஹார்ட் அவளைத் தேடிக்கொண்டு அருங்காட்சியகத்துக்கே வந்துவிட்டார்.

"சென்சி, எலும்பு வீட்டுல உனக்கு இடம் வேணும்னா இப்பவே எழுதிக் குடு. எழுதாம போனா, ஆளில்லாதவங்கன்னு ஊராட்சி எரிச்சுடும்."

"இவரு இங்க கண்ணாடிக்குள்ள கெடக்க, நான் அங்க யாரு பக்கத்துல போய் உக்கார்றது? கசாப்புக்கடை அலோய்ஸ் பக்கத்துலயா? உசுரோட இருந்தப்பவே எடையில ஏமாத்தினவன்."

"வெளையாடாத."

"இவரு முதல்ல வீடு போய்ச் சேரட்டும். அன்னிக்கே எழுதித் தரேன்."

"எழுதிடுங்கம்மா, நான் காகிதம் எடுத்துட்டு வரேன்," என்று நானும் கெஞ்சினேன்.

"நீ உன் குழுவை அவசரப்படுத்துடா, என்னை இல்ல."

குழு பனிக்காலம் முழுக்கக் கூடவில்லை. பிப்ரவரியில் சென்சிக்கு மறுபடி மூச்சு முட்டி நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே இறந்தாள். ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன்.

"அவங்கள எரிக்கக் கூடாதுங்க. எலும்பு வீட்டுக்குப் போகணும்னு ஆசைப்பட்டாங்க."

"எழுதி வெச்சிருக்காங்களா?"

"இல்ல."

"நீங்க என்ன உறவு?"

"உறவில்ல."

எழுத்தர் பதிவேட்டை மூடினார்.

மார்ச்சில் குழு கூடி, கொர்பினியானைத் திருப்பித் தரலாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தது. ஹெட்விக் என் கையைக் குலுக்கி, "உங்க மனு பிரமாதமா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க," என்றார்.

லியோன்ஹார்ட் கூடையில் கொப்பு பரப்பிக் கொடுத்தார்.

"நான் சொந்தக்காரன் இல்லையே," என்றேன்.

"சொந்தக்காரி வரப்போறதில்ல. தூக்குடா."

நினைத்ததைவிட லேசாக இருந்தது.

கொர்பினியான் இப்போது எலும்பு வீட்டின் இரண்டாம் தட்டில் இருக்கிறார். பக்கத்தில் ஒரு தலை அளவு இடத்தை லியோன்ஹார்ட் காலியாகவே விட்டிருக்கிறார். சென்சி கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவரில், ஊராட்சி கொடுத்த சாம்பல் குடுவையில் இருக்கிறாள்.