ரெங்கசாமியின் மணிக்கட்டு

கிள்ளானில் லோரிகளுக்கு மூட்டை ஏற்றும் ரெங்கசாமி அண்ணனுக்கு இடது காது பாதிதான். மீதியைப் பாராங் கத்தியால் சீவியவன் தம்புசாமி. பதிலுக்கு அவன் முழங்காலை உடைத்த அண்ணன் சிறைக்குப் போனார். வெளியே வந்த அன்று அவர் மனைவி சிவகாமி அக்கா சொன்னார்: "இன்னொரு வாட்டி உள்ள போனா, நான் வந்து பார்க்க மாட்டேன்."

1979இல் கோயில் மண்டபத்தில் நாடகம் போட்டோம். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். பல்கலைக்கழகத்தில் படித்த பழைய ஆங்கில நாடகமொன்றைத் தமிழில் எழுதியிருந்தேன். அதை எழுதிய கவிஞரின் நாடகங்களில் தோற்ற மன்னனைக் கூண்டில் அடைப்பார்கள். ஆளைக் கொப்பரையில் வேகவைப்பார்கள். வெறிபிடித்த தளபதி வேடத்துக்கு அண்ணனைக் கேட்டேன். அவர் குரலுக்காகவா, அந்தக் காதுக்காகவா என்று இன்றும் தெரியவில்லை.

ஒத்திகையில் கேட்டார்: "இத எழுதின ஆளு எப்படி தம்பி செத்தான்?"

"சாப்பிட்ட எடத்துல தகராறு அண்ணே. மொதல்ல கத்திய உருவினது அவருதானாம். அதே கத்தி அவரு கண்ணுக்கு மேல எறங்கிருச்சு."

"அட, நம்ம ஆளு லா!"

ஒத்திகைக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்கா சிரிக்கவில்லை.

எங்கள் ஊர் மேடைகளில் நாடகம் பாதியில் நிற்கும். பிரமுகர் ஏறி நடிகருக்கு மாலை போடுவார். அன்று அழைக்கப்பட்ட பிரமுகர், இப்போது காண்டிராக்டராகிவிட்ட தம்புசாமி. அண்ணன் தலை குனிந்தார். மாலையைப் போட்டபடி, மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து அவன் சொன்னான்:

"இன்னொரு காது இருக்கேடா. அத எப்ப வந்து எடுத்துக்கட்டும்?"

மண்டபம் முழுக்கக் கேட்டது.

அண்ணன் இடுப்பில் அட்டைக் கத்திதான் இருந்தது. அதைத் தொடவில்லை. மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டி முறுக்கினார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கட்டி வாங்கிய கனத்த மாலை. பூ உதிர்ந்ததே தவிர உள்ளிருந்த நைலான் கயிறு அறவில்லை. தம்புசாமியின் கால்கள் பலகையை உதைத்தன. முகம் கறுத்தது. அவன் ஆட்கள் இரும்பு நாற்காலியால் அண்ணனின் முதுகில் அடித்தார்கள். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டது. பிடி தளரவில்லை.

சிவகாமி அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு மேடை ஏறி, அவர் மணிக்கட்டைக் கடித்தார். சதை பிய்யும்வரை கடித்தார். கை விட்டது. தம்புசாமி இருமிக்கொண்டே தவழ்ந்து போனான்.

மறுபடியும் சிறைதான், ஆனால் தூக்கு இல்லை. பார்க்கப் போன என்னுடன் அக்காவும் வந்தார்.

"வர மாட்டேன்னியே?"

"வந்துட்டேன்ல. பேசாம இரு."

அண்ணன் என்னிடம் திரும்பினார். "தம்பி, அந்தக் கவிஞனுக்குப் பொண்டாட்டி இருந்துச்சா?"

"இல்லண்ணே."

"அதான்," என்றார், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே.