வெள்ளை வளையம் போட்ட ரைபிள்

கீழ் கோத்தகிரியில் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த தேயிலை எஸ்டேட்டின் பெரிய கிளார்க்கை எனக்குப் பார்த்த அன்றைக்கே பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் பிடிக்கவில்லை. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். ஆண், பெண், கிழடு, குழந்தை எல்லோரும் அவருக்குச் 'சிலோன்'தான். "சிலோனு, இங்க வா" என்றால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் நாலு பேர் திரும்பிப் பார்ப்போம். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த காகிதத்தைத் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தோம். தாயகத்தில் எங்களுக்குக் கிடைத்த பேர் இதுதான்.

என் மனைவி அப்போது இரண்டு வருஷமாகத் தற்காலிகமாகக் கொழுந்து பறிக்கும் ஆள். பனிக்காலத்தில் கொழுந்து குறைந்தால் முதலில் நிறுத்துவது தற்காலிகத்தைத்தான். நிரந்தரப் பதிவேட்டில் பேர் ஏறிவிட்டால் நிறுத்த முடியாது, பிரசவ லீவும் சம்பளத்தோடு உண்டு. அவளுக்கு அப்போது நாலு மாசம். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது மேனேஜர். யார் பேரை எழுதி அவர் முன்னால் நீட்டுவது என்பது பெரிய கிளார்க்கின் இஷ்டம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்தப் பூசாரிக்கு ஒரு பித்து இருந்தது. பழைய ஆயுதங்கள். வீட்டு முன்னறைச் சுவரில் துருப்பிடித்த வாள் இரண்டு, பிடி போன கட்டாரி ஒன்று, துப்பாக்கி முனையில் செருகும் பட்டாளத்துப் பயனெட் ஒன்று. துரைமார் பங்களாக்களில் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. சம்பளமோ கிளார்க் சம்பளம். காட்டுப்பன்றித் தொல்லையைச் சொல்லித் துப்பாக்கி லைசென்சும் வாங்கி வைத்திருந்தார். அதில் ஒரு ரைபிளுக்குத்தான் இடம், கையில் இருந்த காசும் ஒன்றுக்குத்தான் காணும்.

பக்கத்து ஊர் அரவேணுவுக்கு மேலே பங்களாவில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், புருஷன் இறந்துபோய், சீமைக்கே போகிறார் என்று செய்தி வந்தது. அவரும் தாயகம் திரும்புகிறவர்தான், ஆனால் அவரை யாரும் முகாமில் உட்கார வைக்கப் போவதில்லை. விற்கப் போகும் சாமான்களில் இரண்டு ரைபிள்களும் இருந்தன. யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துப் போட்டதில் புருஷன் வாங்கியவை.

இலங்கையில் ஒரு துரை பங்களாவில் நான் பதினோரு வருஷம் துப்பாக்கி துடைத்தவன். அந்தத் துரை பட்டாளத்தில் இருந்தவர். இதை யாரோ சொல்லியிருக்க வேண்டும், பெரிய கிளார்க் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை என்னோடு வந்து நல்லதாக ஒன்றைப் பார்த்துச் சொல், உன் சம்சாரம் பேரை நிரந்தரத்தில் எழுதிவிடுகிறேன் என்றார். இரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

அந்த அம்மாளின் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து இரண்டையும் வைத்திருந்தார்கள். ஒன்று பார்க்கவே சகிக்கவில்லை. கட்டை கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பி, வார் அறுந்து கிடந்தது. மற்றது மினுமினுவென்று இருந்தது. விலையும் கொஞ்சம் குறைவு. அதன் கட்டையைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்டில் ஒரு வளையம்.

நான் அழுக்குப் பிடித்ததை எடுத்தேன். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கம் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, குழாய்க்குள் பார்த்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. போல்ட்டில் வெட்டியிருந்த நம்பரும் உடம்பில் வெட்டியிருந்த நம்பரும் ஒன்றுதான். அழுக்கெல்லாம் வெளியேதான் என்று தெரிந்துவிட்டது.

அதற்குள் பெரிய கிளார்க் மற்றதைக் கையில் எடுத்துவிட்டார். வெள்ளை வளையத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் வருஷா வருஷம் சவுக்கு மரம் வெட்டுவதற்கு முன்னால் அவர்தான் பெயிண்ட் டப்பாவோடு சுற்றி வருவார். வெட்டுகிற மரத்துக்குச் சிவப்புக் கோடு, வெட்டாமல் விடுகிற நல்ல மரத்துக்கு வெள்ளை வளையம். இருபது வருஷம் அதைச் செய்தவருக்கு உலகமே எஸ்டேட்தான். பட்டாளத்தார் நல்லது என்று ஒதுக்கி வைத்த ரைபிள் இது என்று அந்த அம்மாளுக்கே விளக்கினார்.

எனக்கு அந்த வளையம் தெரியும். என் பழைய துரையிடம் அதே மாதிரி ஒன்று இருந்தது. புதுச் சிப்பாய்கள் தோளில் வைத்து நடை பழகுகிற ரைபிளுக்குத்தான் வெள்ளை அடிப்பார்கள், தோட்டா போட்டால் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும் என்று சொல்லியிருக்கிறார். "ஐயா, இந்தக் கறுத்ததுதான்" என்று ஆரம்பித்தேன். பெரிய கிளார்க் திரும்பினார்.

"வாய மூடு சிலோனு. நீ தொடச்சவன். தொடைக்கறவனுக்கு என்ன தெரியும்? வெவரம் தெரிஞ்ச ஆளுகளா இருந்தா அந்த ஊர்க்காரன் உங்களத் தொரத்தியிருப்பானாக்கும்?"

பங்களா பட்லர் சிரித்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். அவமானமாக இருந்தது, அதற்குப் பின்னாலேயே ஒரு சந்தோஷம் வந்தது. வெடிக்கட்டும் என்று நினைத்தேன். அவர் காசு கொடுத்து வாங்கிய அந்த வளையம் போட்ட ரைபிளை எஸ்டேட் வரைக்கும் நான்தான் சுமந்து வந்தேன். வழியெல்லாம் சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் மூன்று வாரம் இருந்தது, அப்போதும் சொல்லியிருக்கலாம். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்னைப் போகச் சொல்லுவாள் என்று தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. ஃபாக்டரியில் ரோலர், லாரி, கவாத்துக் கத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பதிவேடுகளையும் பேனாவையும் அடுக்கி வைத்து, பக்கத்தில் ரைபிளைச் சாத்தி, அதன் வெள்ளை வளையத்தின் மேலேயும் மூன்று பொட்டு. பூஜை முடிந்து பொரி கொடுத்த பிறகு, முதல் தோட்டா சுடப் போகிறோம் என்று பெரிய கிளார்க் எல்லோரையும் விறகு அடுக்கும் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். என் மனைவியும் முந்தானையில் பொரியோடு வந்து நின்றாள்.

அவர் தோட்டாவைப் போட்டார். தோளில் வைத்துப் பார்த்தார். பிறகு இறக்கி, என்னிடம் நீட்டினார்.

"நீயே மொதல்ல சுடு. துப்பாக்கி பழகுன கை. நாளைக்குப் பூஜை பிரிச்சதும் பதிவேட்டுல மொதப் பேரு உன்ற சம்சாரம் பேருதான்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. தோளில் உதைக்குமே என்ற பயம், அவ்வளவுதான். நான் வாங்கிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, ரைபிளைத் தரையில் வைத்தேன்.

"இதுல சுடக் கூடாதுங்கையா. அந்த வெள்ள வளையம் ட்ரில்லுக்குப் போட்டது. சுட்டா மொகத்துல வெடிச்சிரும்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மேசையில பாத்த அன்னைக்கே தெரியுங்க."

நீங்கள்தானே வாயை மூடச் சொன்னீர்கள் என்று கேட்க மூன்று வாரமாக மனசுக்குள் பழகி வைத்திருந்தேன். அது அப்போது வரவில்லை. அவர் கத்தவும் இல்லை. ரைபிளை எடுத்து, துண்டால் பொட்டைத் துடைத்தார். "என்னையக் கொல்லப் பாத்திருக்கறே" என்றார். அது உண்மை.

மறுநாள் பூஜை பிரித்து எழுதிய முதல் பேர் வேறு யாருடையதோ. ரைபிள் அவர் வீட்டுச் சுவரில் வாள்களுக்கு நடுவே ஏறியது. வருகிறவர்களிடம் அருமையான சரக்கு என்று சொல்லிக்கொண்டார். பனிக்காலத்தில் கொழுந்து குறைந்தது, தற்காலிகத்தை நிறுத்தினார்கள். என் மனைவி ஏழு மாச வயிற்றோடு கோத்தகிரி ரோட்டில் ஜல்லி உடைக்கப் போனாள்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவள், கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். அவள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"அந்தாளு கெட்டவருன்னு எனக்கு மொதல்லயே தெரியும். ஒங்களத்தான் தெரியாம இருந்துட்டேன்."